ஓட்டையில் இருக்கிறது உறுதி!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஓட்டை என்றால் யாருக்குப் பிடிக்கும், நண்பர்களே? குடையில் ஓட்டை, குடத்தில் ஓட்டை, பஸ் கூரையில் ஓட்டை... எல்லாமே நமக்கு நஷ்டக் கணக்குதான். ஆனால் காலில் இருக்கும் செருப்பும், இடுப்பில் இருக்கும் பெல்ட்டும், தோளில் தொங்கும் தோல்பையும் ஓட்டைகளின் தயவில்தான் உருக்குலையாமல் இருக்கின்றன. தோலைப் பொறுத்தவரை துளை சரியாக இருந்தால் தையல் நிற்கும். துளை தவறினால் எவ்வளவு உயர்ந்த நூல் போட்டாலும் நிற்காது.

தோலைக் கையால் தைப்பதற்குத் துளை போடும் கருவிகள் எவை, எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரை. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு செருப்புத் தையல் எதுக்குடா?" என்று நம் விடுதி நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எங்க அப்பா செருப்பு தைக்கும் தொழிலாளி. எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் மரப்பெட்டியில் பார்த்ததையும், இங்கே வகுப்பில் கரும்பலகையில் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே பாடமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் துளை, பிறகே ஊசி

துணி என்பது நெய்த பொருள். ஊசி உள்ளே போகும்போது இழைகள் விலகி வழி விடும். ஊசியை உருவினால் திரும்பவும் சேர்ந்துகொள்ளும். தோல் அப்படியல்ல. நுண்ணிய நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடர்த்தியான பொருள் அது. சாதாரண ஊசியைக் கையால் அழுத்தினால் ஊசி வளையும், அல்லது விரலைப் பதம் பார்க்கும். அதனால் கையால் தைப்பவர்கள் முதலில் துளை போட்டுவிட்டு, பிறகு மொட்டை முனை ஊசியை அதில் விடுகிறார்கள். முனை மொட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே நூலின் இரண்டு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் விட்டு எடுப்பதே உறுதியான தையல். கூர்மையான ஊசியாக இருந்தால், முதலில் போன நூலையே குத்திக் கிழித்துவிடும்.

இந்த இரட்டை ஊசித் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத்தான் நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றது தளர ஆரம்பிக்கும். கைத்தையலுக்கு இன்றும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

இன்னொன்று முக்கியம். துணியில் தவறாக ஊசி போட்டால் பிரித்துத் தைக்கலாம். தோலில் போட்ட துளை போட்டதுதான், மூடாது. ஆகவே கருவியை எடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

நூல் போச்சா, தோல் போச்சா?

கிழிந்த பை ஒன்று வந்தால் அப்பா முதலில் பார்ப்பது இதைத்தான். "நூல் போச்சா, தோல் போச்சா?" நூல் போயிருந்தால் பழைய துளைகளிலேயே புது நூல் ஓட்டி, பத்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவார். தோல் போயிருந்தால், அதாவது துளை வரிசை நெடுகக் கிழிந்திருந்தால், அந்தப் பட்டையையே மாற்ற வேண்டும். முதலாவது வாடிக்கையாளருக்குச் சில ரூபாய் செலவு. இரண்டாவதில் பல நேரம் பையே போச்சு. பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாமார்களிடம் "இதை இனிமே தைக்க முடியாதும்மா" என்று சொல்லும்போது அவர் முகம் வாடிவிடும்.

இதையே நாம் ரிவெட் மூட்டுப் பாடத்தில் படிக்கிறோம். இரண்டு ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் பிட்ச். துளையின் அளவு விட்டம். பிட்ச்சிலிருந்து விட்டத்தைக் கழித்து, பிட்ச்சால் வகுத்தால் தகட்டில் எவ்வளவு பலம் மிச்சம் என்று தெரியும். தோலுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். துளைகளுக்கு இடையே 4 மி.மீ. தூரம். 1 மி.மீ. வட்டத் துளை போட்டால் மிச்சம் 3 மி.மீ., அதாவது 75 சதவீதம். அதே இடத்தில் 2 மி.மீ. துளை போட்டால் மிச்சம் 50 சதவீதம்தான். தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போடுவது எதற்கு? சுலபமாகக் கிழிப்பதற்கு! பெரிய துளைகளை நெருக்கமாகப் போட்டுத் தைப்பவர், தெரியாமலே தோலைத் தபால்தலை ஆக்குகிறார்.

ஆகவே தேர்வுக்கு ஒரே விதிதான். நூல் போக வேண்டிய அளவுக்கு மேல் தோலிலிருந்து எதையும் எடுக்காத கருவியே நல்ல கருவி. இனி வருவதெல்லாம் இந்த விதியின் விளக்கம்தான்.

வட்டமா, கீறலா?

துளைகள் இரண்டு ஜாதி. ஒன்று வட்டத் துளை. குழாய் போன்ற பஞ்ச் ஒரு பொட்டுத் தோலை வெட்டி வெளியே எடுத்துவிடும். மற்றது கீறல் துளை. எதையும் வெளியே எடுக்காமல் நார்களை வெட்டி விலக்கும். தைத்து முடித்து லேசாகச் சுத்தியால் தட்டினால், விலகிய நார்கள் திரும்ப வந்து நூலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வட்டத் துளையில் போன தோல் போனதுதான். நூலைச் சுற்றிச் சந்து நிற்கும்.

கீறலை எந்தத் திசையில் போடுவது? 2 மி.மீ. நீளக் கீறலைத் தையல் கோட்டின் மேலேயே படுக்கப் போட்டால் எல்லாக் கீறலும் ஒரே கோட்டில் விழும். ஒன்றின் முனையிலிருந்து அடுத்ததின் முனைக்குக் கிழிசல் சுலபமாக ஓடும். குறுக்கே நிமிர்த்திப் போட்டால் கீறலின் முனை தோலின் விளிம்பைப் பார்த்து நிற்கும். நூல் இழுக்கும்போது அந்தப் பக்கமாகவே பிளக்கும். இரண்டும் வேண்டாம் என்றுதான் சாய்வாகப் போடுகிறார்கள். 45 டிகிரி சாய்வில் 2 மி.மீ. கீறல், கோட்டின் மேல் சுமார் 1.4 மி.மீ. இடத்தைத்தான் அடைக்கிறது. முனைகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. அழகான கைத்தையலில் ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து நிற்பது இந்தச் சாய்ந்த துளையால்தான். அழகும் பலமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன!

அப்படியானால் வட்டத் துளையே வேண்டாமா? வேண்டும். பெல்ட்டில் கொக்கி மாட்டும் துளை வட்டமாகத்தான் இருக்க வேண்டும். மூலை இருந்தால் அங்கிருந்து கிழியும். பட்டையில் நீளமாகப் பிளவு வெட்டினால் அதன் முனையில் ஒரு வட்டத் துளை போட்டு நிறுத்துவார் அப்பா. தகட்டில் விரிசல் ஓடாமல் இருக்க அதன் முனையில் ட்ரில் போட்டு நிறுத்துவதும் இதே கணக்குதான்.

கருவிகள் ஒவ்வொன்றாக

1. குத்தூசி: மரப்பிடியில் செருகிய எஃகு முனை. மனிதனின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில் 70,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எலும்புக் குத்தூசிகள் கிடைத்திருக்கின்றன. முனை ஊசிபோல் உருண்டையாக இருந்தால் அது நார்களை வெட்டாமல் ஒதுக்கும். கோடு போடவும், மெல்லிய தோலுக்கும், பழைய துளையைத் திறக்கவும் ஏற்றது. தைப்பதற்கென்றே உள்ளது சாய்சதுர முனைக் குத்தூசி. அதன் வெட்டுமுகம் சாய்சதுரம். இரண்டு ஓரமும் வெட்டும். எவ்வளவு தடிமனான தோலானாலும், எந்த வளைவானாலும் இது போகும். நம் நாட்டில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளுக்கான எஸ்.ஜி. பந்து மீரட்டில் கையால் தைக்கப்படுகிறது. உருண்டையான பந்தின் மேல் வரிசைப் பல் கருவியை வைத்து அடிக்க முடியுமா? அங்கே குத்தூசிதான் ராஜா. குறை ஒன்றுதான்: கை பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே சாய்வில், ஒரே நேராக இறங்க வேண்டும்.

2. கொக்கி ஊசி: நம் ஊர் சாலையோரத் தொழிலாளி கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். முனைக்குச் சற்று மேலே ஒரு வெட்டு இருக்கும். குத்தும், அடியில் இருக்கும் நூலைக் கொக்கி போட்டு மேலே கொண்டுவரும், அந்த வளையத்துக்குள் மறுமுனை நூலை நுழைத்து இறுக்க வேண்டும். துளையும் தையலும் ஒரே கருவியில் முடிகிறது. செருப்புக்குள் இன்னொரு ஊசியைத் திருப்ப இடமில்லாத இடத்தில் இதற்கு மாற்று கிடையாது. இன்று கல்யாண ரவிக்கைகளில் நம் அக்காமார் விரும்பிப் போடும் ஆரி வேலைப்பாடு இருக்கிறதே, அதுவும் குஜராத்தின் மோச்சிகள் தோல் தைத்த இந்தக் கொக்கி ஊசியிலிருந்து வளர்ந்ததுதான்!

3. பிரிக்கிங் அயர்ன்: முள்கரண்டி போல வரிசையாகப் பற்கள். பற்கள் அடியில் பருத்து முனையில் மெலிந்திருக்கும். இதன் முதல் வேலை துளைப்பதல்ல, அடையாளம் போடுவது. சமமான தூரத்தில் சாய்வான தடங்களைப் பதித்துக் கொடுக்கும். அந்தத் தடத்தில் குத்தூசியை இறக்க வேண்டும். தடித்த தோலில் இதையே முழுக்க அடித்து இறக்கினால் மேலே துளை பெரிதாகவும் அடியில் சிறிதாகவும் போகும்.

4. ஸ்டிச்சிங் சிசல்: பார்க்க முந்தியதின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பற்கள் நீளம். ஒரே அடியில் முழுக்கத் துளைப்பதற்காகச் செய்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுவே நல்லது, ஏனென்றால் தூரத்தையும் சாய்வையும் கருவியே பார்த்துக்கொள்கிறது. நேர்கோட்டுக்கு 4 அல்லது 6 பல், வளைவுக்கு 2 பல். முந்தைய அடியின் கடைசித் துளையில் முதல் பல்லை வைத்து அடுத்த அடி அடித்தால் இடைவெளி மாறாது. இரண்டு அடுக்கும் சேர்ந்து 3, 4 மி.மீ. வரை இது போதும். அதற்கு மேல் போனால் 3-ம் எண்ணும் 1-ம் எண்ணும் கூட்டணி: அடையாளத்துக்கு அயர்ன், துளைக்குக் குத்தூசி.

5. பஞ்ச்: தனிக் குழாயாகவும், சக்கரத்தில் ஆறு அளவுகள் கொண்ட பிளையராகவும் வரும். பெல்ட் துளை, ரிவெட், தோல்நாடா கோப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நூல் தையலுக்கு வேண்டாம்.

6. ஆணியும் ட்ரில்லும்: "ஒர்க்‌ஷாப்ல ட்ரில் இருக்கே, போட்டா முடிஞ்சுது!" என்பார்கள். ட்ரில் தோலைத் திருகி எடுத்துவிடும், சூடும் ஏறும், ஓரம் பஞ்சுபோல் சிலும்பும். ஆணி வெட்டாது, முட்டித் தள்ளும். அடிப்பக்கம் வெடித்துக்கொண்டு வரும். இரண்டும் அவசரத்துக்குப் பாவமில்லை, பழக்கமாக வேண்டாம்.

எண் ஒன்று, அளவு வேறு

கருவி வாங்கப் போனால் 3 மி.மீ., 4 மி.மீ. என்று ஒழுங்காக இருக்கும் நடுவே 3.38, 3.85 என்று விசித்திரமான அளவுகள் கண்ணில் படும். யார் இப்படி அளந்தார்கள்? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரான்சின் பழைய அங்குலம் 27.07 மி.மீ. அதில் எட்டுத் தையல் என்றால் ஒன்றுக்கு 3.38, ஏழு என்றால் ஏறத்தாழ 3.85. அந்த நாடு 1795-ல் மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. தோல் தொழிலாளிகளின் கருவி மட்டும் மாறவில்லை. நம்ம ஊரில் பூக்காரம்மா இன்றும் முழம் போட்டு விற்பதில்லையா, அதுபோலத்தான்.

ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ. அதில் எட்டு என்றால் 3.175. ஆக, "8-ம் நம்பர்" என்று இரண்டு இடத்தில் வாங்கினால் இரண்டும் பொருந்தாது. ஒரு துண்டில் ஒன்றும் மறு துண்டில் இன்னொன்றும் அடித்தால், பத்துத் துளைக்குள் 2 மி.மீ. தள்ளிப் போய்விடும். நம்பரைக் கேட்காதீர்கள்; மி.மீட்டரைக் கேளுங்கள். அல்லது வெர்னியரைக் கொண்டுபோங்கள். அதற்குத்தானே படிக்கிறோம்!

பர்ஸ் போன்ற சிறு பொருளுக்கு 3 முதல் 3.85 மி.மீ. இடைவெளியும் 0.6 மி.மீ. நூலும், பைக்கும் பெல்ட்டுக்கும் 4 முதல் 5 மி.மீ. இடைவெளியும் 0.8 அல்லது 1 மி.மீ. நூலும் பொருந்தும். துளை அளவு சரிதானா என்று பார்க்கச் சுலபமான வழி: மொட்டை ஊசி லேசான இறுக்கத்தோடு போக வேண்டும். இடுக்கி போட்டு இழுத்தால்தான் வருகிறது என்றால் துளை சிறிது. தானே நழுவி விழுந்தால் பெரிது.

தோலையும் கேளுங்கள்

ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் விறைப்பானது. போட்ட துளை போட்ட வடிவத்தில் நிற்கும். கருவி எதுவானாலும் ஒத்துழைக்கும். குரோம் பதனிட்ட தோல் மென்மையானது, இழுபடும். துளை உடனே மூடிக்கொள்ளும். அதற்குக் கருவியின் கூர்மை இரு மடங்கு முக்கியம். மழுங்கிய பல்லால் அடித்தால் தோல் நீண்டு, கோணல் ஆகும். ஆட்டுத்தோல் மெல்லியது, அதற்கு மெல்லிய தட்டைப் பல், சிறு இடைவெளி. மாட்டுத்தோல், எருமைத்தோல் போன்ற கனத்த வகைக்குக் குத்தூசி. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர் போன மண் அல்லவா? 1948-லேயே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்த மாநிலம் இது. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் துண்டுத் தோல் வாங்கி, கருவியை முதலில் அதில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வாங்கும் முன்னும் பின்னும்

கையில் காசு குறைவு என்றால் எதை முதலில் வாங்குவது? என் கணக்கு இது: ஒரு நல்ல சாய்சதுரக் குத்தூசி, 4 மி.மீ. இடைவெளியில் 4 பல்லும் 2 பல்லும் கொண்ட சிசல், ஒரு மரச்சுத்தி. இவ்வளவு போதும். இருபது உருப்படிகள் அடங்கிய மலிவான செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே பற்களைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நீளமா? ஒரே சாய்வா? பல்லின் பக்கங்கள் வழவழப்பா? சொரசொரப்பான பல் தோலுக்குள் போகும், வெளியே வராது. நீங்கள் ஆட்டி இழுக்கும்போது துளை பெரிதாகும்.

அடிக்கும்போது இரும்புச் சுத்தி வேண்டாம். மரம் அல்லது நைலான் சுத்தி போதும். அடியில் கல்லோ இரும்போ நேராக இருக்கக் கூடாது, பல் முறியும். தடித்த ரப்பர் பலகை அல்லது கழிவுத்தோல் வையுங்கள். பல்லில் தேன்மெழுகைத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்வரும். உருவும்போது மறு கையால் தோலை அழுத்திப் பிடித்து, நேராக இழுக்க வேண்டும். விளிம்பிலிருந்து 3, 4 மி.மீ. உள்ளே தள்ளி, டிவைடரால் கோடு போட்ட பிறகே முதல் அடி. குத்தூசியை வாரம் ஒருமுறை பழைய பெல்ட்டில் மெருகுப் பசை தடவித் தீட்டுங்கள். கூர்மையான கருவி தோலைச் சேதப்படுத்தாது, மழுங்கியதுதான் சேதப்படுத்தும்.

கடைசியாகப் பாதுகாப்பு. குத்தும் திசையில் உள்ளங்கை இருக்கக் கூடாது. பின்னால் ஒரு கார்க் துண்டை வைத்துக் குத்துங்கள். வேலை முடிந்ததும் முனையை மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிரான்சில் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மூன்று வயது மகன், 1812-ல் அப்பாவின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பட்டது. புண் மறு கண்ணுக்கும் பரவி, இரண்டு பார்வையும் போனது. அந்தச் சிறுவன்தான் லூயி பிரெயில். பதினைந்து வயதில், 1824-ல், காகிதத்தில் புள்ளிகளைக் குத்தி விரலால் படிக்கும் எழுத்தை அமைத்து உலகத்துப் பார்வையற்றோருக்கெல்லாம் படிப்பைக் கொடுத்தார் அவர். அவரும் தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் என்பதை இங்கே பெருமையோடு எழுதுகிறேன்.

நண்பர்களே! "படிச்சுட்டு இதையா பண்ணப் போற?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோல் தைப்பது கீழான வேலை என்பது நம் சமுதாயம் கட்டிவிட்ட கதை. பிட்ச், விட்டம், சாய்வு, வெட்டுமுகம், பொருளின் குணம் என்று ஐந்து பாடங்களை ஒரு குத்தூசி முனையில் வைத்திருப்பவர் எப்படிக் கீழானவர் ஆவார்? பெயர்கள் தெரியாமல் அவர் செய்ததற்கு, நாம் பெயர்களைக் கற்றிருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த முறை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உங்கள் பையைத் தைக்கக் கொடுக்கும்போது, கொஞ்ச நேரம் நின்று அந்தக் கையைப் பாருங்கள். துளை எந்தச் சாய்வில் இறங்குகிறது, எவ்வளவு தோலை மிச்சம் வைக்கிறது என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் "அண்ணே, ஏன் இப்படி?" என்று கேளுங்கள். நிச்சயம் சொல்லிக் கொடுப்பார்கள்.